எந்தச் சிலிண்டர், எந்த வேளை: மிஸ் அடிக்கும் பழைய பிக்கப்கள் பற்றிய கேள்வி-பதில்

மழைக்காலத்தோடு வந்து சேர்ந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: வாங்கிய பழைய வாகனம் மிஸ் அடிக்கிறது (ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் எஞ்சின் தடுமாறுகிறது), கராஜில் சொன்னதையெல்லாம் மாற்றியும் தீரவில்லை. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை, எந்த வேளையில் செய்யவில்லை என்ற இரண்டையும் அறியாமல் பாகங்களை மாற்றுவது பணத்தை வீணாக்கும் வேலை என்பதால், பதில்களில் சோதனைகளையே முதலில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, என்னுடைய சுசுகி கெரி மழை பெய்தால் மட்டும் நடுங்கி, இழுவையற்றுப் போகிறது. மூன்று பிளக்குகளையும் மாற்றினேன். இரண்டு கிழமைக்குள் பழையபடி வந்துவிட்டது. (ஒட்டுசுட்டான்)

மழையில் மட்டும் வரும் மிஸ் பெரும்பாலும், பிளக்கில் எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறியைச் சேர்ந்தது. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலின் கீழுள்ள ரப்பர் உறை வெடித்திருந்தால், ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்கின் நுனிவரை போகாமல் பக்கத்து உலோகத்துக்குப் பாய்ந்துவிடும். பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாக, பென்சிலால் கீறியது போன்ற ஒரு மெல்லிய கரிக்கோடு தெரிந்தால், அதற்கு நேரான கோடு ரப்பர் உறையின் உட்புறத்திலும் இருக்கும். அந்த உறையை வைத்துக்கொண்டு புதுப் பிளக்கைப் போட்டால், மின்சாரம் பழகிய வழியிலேயே பாய்ந்து, புதுப் பிளக்கிலும் கோடு விழுத்திவிடும். உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

ஊகத்தை உறுதிப்படுத்துவது எளிது. வாகனத்தின் கணினியில் பதிவான குறைகளைக் குறியீடுகளாக வாசிக்கும் ஸ்கானர் பி0301 என்று காட்டினால் முதலாவது சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்பது குறிப்பிட்ட ஒரு சிலிண்டரோடு நில்லாத மிஸ். முதலாவதில் குறை இருந்தால், எஞ்சினை நிறுத்தி, அதன் கொயிலை இரண்டாவதோடு இடம் மாற்றி, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் கொயிலோ அதன் உறையோ பழுது. மாறாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்), கொம்பிரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்) என்ற வரிசையில் தேட வேண்டும். ஸ்கானர் கிடைக்காவிட்டால், எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு கொயிலின் வயர் இணைப்பையும் சில வினாடிகள் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். கொயிலைப் பிளக்கிலிருந்து உருவி இதைச் செய்யக் கூடாது, கை உதறும்படி அடிக்கும். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் பாரம் ஏற்றி ஓட்டாதீர்கள்; எரியாத பெற்றோல் சைலென்சரில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரை (புகையைச் சுத்திகரிக்கும் பாகத்தை) உருக்கிவிடும்.

பழைய டீசல் ஹைலக்ஸ், மெக்கானிக்கல் பம்ப். காலையில் வெண்புகையோடு மிஸ் அடித்து, சூடேறியதும் சரியாகிறது. ஹீற்றர் பிளக்கை மாற்றச் சொல்கிறார்கள். (கிளிநொச்சி)

குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவதுதான் ஹீற்றர் பிளக். மாற்றுவதற்கு முன் சோதியுங்கள். ஹீற்றர் பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பற்றரியின் நேர்முனையில் மாட்டிய சோதனை விளக்கால் ஒவ்வொன்றின் நுனியையும் தொட்டால், நல்லதில் விளக்கு எரியும், அறுந்ததில் எரியாது. ஆயினும் வன்னியின் மார்கழிக் குளிர் நுவரெலியாக் குளிர் அன்று. இங்கே ஒரு ஹீற்றர் பிளக் செத்தால் எஞ்சின் சில வினாடிகள் தடுமாறலாம். ஒரு நிமிடத்துக்கு மேலும் மிஸ் நீடித்தால், சொட்டும் நொசிலையோ (டீசலைத் தெளிக்கும் முனை) தேய்ந்த பிஸ்டன் ரிங்கையோ சந்தேகிப்பதே பொருத்தம். புகையை முகர்ந்தும் பாருங்கள்: கண்ணை எரிக்கும் டீசல் மணம் இருந்தால் அது எரியாத எரிபொருள், டீசல் மணமே இல்லாமல், ரேடியேற்றர் நீரும் குறைந்து வந்தால் எஞ்சினின் மேற்பகுதியை அடைக்கும் ஹெட் கஸ்கற்றைப் பார்க்க வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்பதை நட்டுத் திருகும் ஒரு சாவியாலேயே கண்டுபிடிக்கலாம். எஞ்சின் மிஸ் அடித்துக்கொண்டிருக்கும்போதே, நொசிலுக்கு வரும் பைப்பின் நட்டை ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அரைச் சுற்றுத் தளர்த்தி, சத்தத்தைக் கேட்டுவிட்டு மீண்டும் இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தியதும் எஞ்சின் இன்னும் மோசமாக நடுங்கும். செத்த சிலிண்டரில் எந்த மாற்றமும் இராது. அதன் நொசிலை மட்டும் பம்ப் திருத்தும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் போதும். நொசில் நன்றாக இருந்தால் கொம்பிரெஷனை அளக்கச் சொல்லுங்கள்.

கொமன் ரெயில் டபிள் கப் ஒன்று வைத்திருக்கிறேன். கானில் வாங்கி வைத்திருந்த டீசலை ஊற்றிய நாளிலிருந்து மேட்டில் ஏறும்போது திணறுகிறது. (புதுக்குடியிருப்பு)

முதலில் ஓர் எச்சரிக்கை: மேலே சொன்ன நட்டைத் தளர்த்தும் சோதனையை உங்கள் வாகனத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். கொமன் ரெயில் என்பது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தரும் முறை; அந்தப் பைப்பில் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் ஏறக்கூடும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய காயம் அது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து, அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படையாக நீர் தங்கினால் ராங்கை முழுதாக வடித்துக் கழுவி, பில்டரை மாற்ற வேண்டும். நீர் இல்லாவிட்டால் மண்ணெண்ணெய்க் கலப்பை நினைக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைக் கண்டவர்களுக்கு அது பெரிய பாவமாகத் தோன்றாது. ஆனால் கொமன் ரெயில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலின் வழுவழுப்பே உயவு; மண்ணெண்ணெயில் அது போதாமல் பாகங்கள் உராய்ந்து தேயும். டீசலையும் பில்டரையும் மாற்றியும் திணறினால், நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் போத்தலில் பிடித்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் மிக அதிகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது.

60 கிலோமீற்றர் வேகத்தில் மட்டும் வாகனம் அதிர்கிறது. நிற்கும்போது எஞ்சின் நன்றாக ஓடுகிறது. (வவுனியா)

அது மிஸ் அன்று. அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தும் அதிர்ந்தால், புறொப்பெல்லர் ஷாப்டின் குறொஸ் மூட்டுகளையும் சில்லுகளின் பலன்சையும் பாருங்கள்.

பிக்கப் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். ஸ்கானரில் எந்தக் குறையும் இல்லை என்று விற்பவர் சொல்கிறார். (மாங்குளம்)

குறியீடுகளை அழிக்க ஒரு நிமிடம் போதும். அழித்ததும் வாகனத்தின் சுயசோதனைகளும் முதலிலிருந்து தொடங்குவதால், ஸ்கானரில் அவை பல 'முடியவில்லை' என்று காட்டினால் அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். எஞ்சின் ஆறியிருக்கும் விடிகாலையில் போய், பொனற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீங்களே முதன்முதலாக ஸ்ராட் செய்யுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்தது போன்ற வெள்ளத்தில் நின்ற வாகனமா என்றும் பார்க்க வேண்டும்: இருக்கைகளின் அடியிலுள்ள போல்ற்றுகளில் துரு, காப்பெற்றின் கீழ் வண்டல், வயர் இணைப்புகளுக்குள் பச்சை பூத்த செம்பு. எஞ்சின் காற்றோடு நீரை இழுத்திருந்தால் கொனெக்ரிங் ரொட் வளைந்து, அந்தச் சிலிண்டரின் கொம்பிரெஷன் குறைந்து நிற்கும். எனவே எல்லாச் சிலிண்டர்களின் கொம்பிரெஷனையும் அளந்து எழுதித் தந்த பிறகே முற்பணம் கொடுங்கள். அளக்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.