பெரிய போட்டிக்கு முன் ஃப்ளூ தடுப்பூசி: விளையாட்டு மருத்துவர் பதில்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலமும் அதையடுத்து வெளிமாநிலப் போட்டிகளும் நெருங்குவதால், இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியே அமைந்திருந்தன. அவற்றை ஒன்றாகத் தொகுத்து, நம் விளையாட்டு மருத்துவரிடம் கொடுத்துப் பெற்ற பதில்கள் இவை.

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது. கூடைப்பந்து மாநில அணியில் இடம் பெற்றிருக்கிறாள். ஜனவரி முதல் வாரத்தில் வட இந்தியாவில் போட்டி. ஃப்ளூ தடுப்பூசி போட்டு அனுப்புங்கள் என்கிறார் எங்கள் குடும்ப மருத்துவர். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், ஒரு வாரப் பயிற்சி வீணாகும், போட்டி முடியட்டும் என்கிறார் பயிற்சியாளர். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு தந்தை, சேலம்

பதில்: தடுப்பூசி போடத்தான் வேண்டும். எந்தத் தேதியில் போடுவது என்பதில் மட்டும் பயிற்சியாளரின் கவலைக்கு நியாயம் உண்டு.

நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது; செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸின் கூறுகளே இருக்கின்றன. ஆகையால் அந்த ஊசியால் ஃப்ளூ வர வழியே இல்லை. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் வேலையைத் தொடங்கும்போது ஊசி போட்ட இடத்தில் வலியும், சிலருக்கு இலேசான காய்ச்சலும் உடல்வலியும் ஒன்றிரண்டு நாள் இருக்கும். பயிற்சியாளர் கண்டிருப்பது இதைத்தான். உண்மையான ஃப்ளூ பிடித்தால் மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சலும், அதன் பிறகு இரண்டு வாரம் வரை இழுக்கும் அசதியும் சேர்ந்துவிடும். அந்த நிலையில் ஆட்டக்காரருக்கு அந்தப் பருவமே கைநழுவிப் போகக்கூடும்.

ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு கிடைத்துவிடாது. எதிர்ப்புப் பொருள் போதிய அளவுக்குச் சேர ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். எனவே போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். ரயிலில் ஒன்றிரண்டு நாள் நெருக்கியடித்துப் பயணம் செய்யப் போகிறார்கள் என்றால், பயணம் புறப்படும் நாளிலிருந்தே எண்ண வேண்டும். உங்கள் மகளைப் பொறுத்தவரை டிசம்பர் 15 கடைசி எல்லை. நவம்பர் இறுதியிலேயே போட்டுவிட்டால் இன்னும் நல்லது. சனிக்கிழமை மாலைப் பயிற்சி முடிந்த பின் போட்டு, ஞாயிறு ஓய்வு கொடுத்துவிட்டால் பயிற்சியாளருக்கும் மனக்குறை இராது.

எந்தக் கையால் பந்தைக் கூடைக்குள் எறிகிறாளோ, அதற்கு மறுகையில் போடச் சொல்லுங்கள். தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை தடித்திருக்கும் இடத்தில் ஊசி இறங்க வேண்டும். அவசரத்தில் சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளை மட்டும் காட்டுவோர் பலர். அப்படிக் காட்டினால் ஊசி மேலே ஏறித் தோள்மூட்டை ஒட்டி இறங்கிவிட வாய்ப்புண்டு, அந்த வலி மாதக்கணக்கில்கூட நீடிக்கும். கூடைப்பந்து, கைப்பந்து, பூப்பந்து ஆடுவோருக்கு அது பெரிய இழப்பு. கையை முழுவதும் வெளியே எடுத்து, உட்கார்ந்துகொண்டு போட்டுக்கொள்வதே முறை.

இந்த ஊசி அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை என்பதையும், தனியாரிடம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாநிலச் சங்கங்கள் சீருடைக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

கேள்வி: எனக்கு இன்னும் நான்கு நாளில் இறுதிப் போட்டி. ஊசி போடவில்லை. இப்போது போடலாமா?
— கபடி வீரர், ஒட்டன்சத்திரம்

பதில்: நான்கு நாளில் அந்தப் போட்டிக்குப் பயன்படும் பாதுகாப்பு உருவாகாது, கைவலியோடு பாடிச் செல்ல நேர்வது மட்டுமே மிச்சமாகலாம். போட்டி முடிந்த மறுநாள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் நீளும் தொடராக இருந்தால் என் பதில் வேறு: தொடர் தொடங்கிவிட்டாலும் இடையில் கிடைக்கும் ஓய்வு நாளில் போட்டுக்கொள்வதே நல்லது, ஏனெனில் பிற்பகுதி ஆட்டங்களுக்காவது அது துணை நிற்கும்.

இந்த நான்கு நாளும் இருமுபவர் அருகே படுக்காதீர்கள், ஒரே தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துப் பகிராதீர்கள். மீறிக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தோன்றி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை.

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் ஃப்ளூ காய்ச்சலோடு ஆடி 38 புள்ளி எடுத்தார் என்று படித்திருக்கிறேன். மன உறுதி இருந்தால் போதாதா? ஊசியெல்லாம் எதற்கு?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: 1997 ஜூன் 11 அன்று சால்ட் லேக் சிட்டியில் யூட்டா ஜாஸ் அணிக்கு எதிராக நடந்த என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தைக் குறிப்பிடுகிறீர்கள். ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணி 90–88 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்து சக வீரர் ஸ்காட்டி பிப்பன் மீது சாய்ந்தபடி ஜோர்டான் வெளியேறிய படம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அவருக்கு வந்தது ஃப்ளூதானா என்பதே ஐயத்துக்குரியது. முந்தைய இரவு வரவழைத்த பீட்சா ஒத்துக்கொள்ளாமல் போனதே காரணம் என்று அவரும் அவருடைய பயிற்றுநரும் பின்னாளில் கூறினார்கள். அமெரிக்காவில் ஃப்ளூ பரவுவது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். ஜூன் மாதத்தில் அது அரிது. வயிற்றைப் புரட்டிய உணவுக் கோளாறை 'ஃப்ளூ ஆட்டம்' என்று பெயரிட்டு அழைத்ததால், காய்ச்சலோடு ஆடுவதே வீரம் என்ற எண்ணம் ஒரு தலைமுறை இளைஞர்களிடம் ஊன்றிவிட்டது.

ஃப்ளூ வைரஸ் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் உடலை முறுக்கி ஆடினால் இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இது அரிதானது, ஆனால் நேரக்கூடியது. நாங்கள் விளையாட்டு மருத்துவத்தில் கழுத்தை எல்லையாக வைத்துப் பார்ப்பது வழக்கம். மூக்கொழுகல், இலேசான தொண்டைக் கரகரப்பு எனக் கழுத்துக்கு மேலே மட்டும் தொல்லை என்றால் மெதுவாகப் பயிற்சி செய்யலாம். காய்ச்சல், நெஞ்சிருமல், உடல்வலி எனக் கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் மைதானத்தின் பக்கமே போகக்கூடாது. காய்ச்சல் மாத்திரை இல்லாமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னர்தான் நடை, பிறகு மெல்லோட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும்.

மன உறுதியைப் பற்றிக் கேட்டீர்கள். 1919 ஸ்டான்லி கோப்பை ஐஸ் ஹாக்கி இறுதித் தொடரில் சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸும் மாண்ட்ரியல் கனேடியன்ஸும் தலா இரண்டு வெற்றி, ஒரு டிரா என்று சமநிலையில் நின்றன. முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டம் ஏப்ரல் 1 அன்று நடப்பதாக இருந்தது. அதற்குள் மாண்ட்ரியல் வீரர்கள் பலரும் ஃப்ளூவில் படுத்துவிட, கோப்பையை விட்டுக்கொடுக்க அவ்வணி முன்வந்தது. நோயில் கிடப்பவர்களிடமிருந்து கோப்பையை வாங்க மாட்டோம் என்று சியாட்டில் மறுத்துவிட்டது. தொடர் கைவிடப்பட்டது. ஏப்ரல் 5 அன்று மாண்ட்ரியலின் தடுப்பாட்டக்காரர் ஜோ ஹால் சியாட்டிலிலேயே இறந்தார். முரட்டு ஆட்டத்துக்குப் பெயர் பெற்ற அவருக்கு மன உறுதியில் குறைவிருக்கவில்லை. அன்று ஃப்ளூவுக்குப் பயன்தரும் தடுப்பூசி எதுவும் இல்லை. அது கிடைக்க 1940-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ஊசி போட்டுக்கொண்ட என் நண்பருக்கும் அந்த ஆண்டே ஃப்ளூ வந்தது. பிறகு என்ன பயன்?
— வாசகர், கோவை

பதில்: ஊசியின் கலவையும் அந்த ஆண்டு பரவும் வைரஸும் நன்கு பொருந்தும் ஆண்டுகளில்கூட, நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 முதல் 60 விழுக்காடு வரையே குறையும். வந்தாலும் கடுமை குறைவாக இருக்கும். வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால், உலக சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும் புதிய கலவையைப் பரிந்துரைக்கிறது. சென்ற ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்கு உதவாது. மருந்தகத்தில் கேட்கும்போது எந்த ஆண்டுக் கலவை என்று பார்த்து வாங்குங்கள்.

ஃப்ளூ ஊசி சளிக் காய்ச்சல் அனைத்துக்குமான மருந்தும் அன்று. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின்போது பின்லாந்து அணியை ஆராய்ந்தவர்கள், 44 வீரர்களில் 20 பேருக்குச் சளித் தொல்லை வந்ததையும், அதற்குப் பலவகை வைரஸ்கள் காரணமாக இருந்ததையும் பதிவு செய்தனர். உங்கள் நண்பருக்கு வந்ததும் ஃப்ளூதானா என்று சோதனை செய்து பார்த்தார்களா என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் கைப்பந்து அணியில் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள். அனைவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடச் செய்யலாமா? நானும் போட்டுக்கொள்ள வேண்டுமா?
— பயிற்சியாளர், ஈரோடு

பதில்: முதலில் நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். உங்களுடன் அணி மேலாளர், பிசியோதெரபிஸ்ட், சமையல்காரர், ஓட்டுநர் ஆகியோரும் போட்டுக்கொள்ளட்டும். ஃப்ளூ பிடித்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். ஐந்து முதல் ஏழு நாள் வரை அது தொடர்கிறது. உடைமாற்றும் அறையிலும் பேருந்திலும் ஒன்றாக அடைந்து கிடக்கும் அணியில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவ இதைவிட நல்ல வாய்ப்பு வேறு வேண்டியதில்லை. ஆறு பேர் களத்தில் நிற்க வேண்டிய ஆட்டத்தில் மூன்று பேர் படுத்தால் மாற்று வீரர்களை வைத்து எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?

ஆனால் கட்டாயம் வேண்டாம். அணித் தேர்வைக் கையில் வைத்திருப்பவர் ஊசி போடச் சொல்வதே பாதிக் கட்டாயம் ஆகிவிடுகிறது. அதற்கு மேலும் அழுத்த வேண்டியதில்லை. மருத்துவர் ஒருவரை அழைத்து வந்து அரைமணி நேரம் பேச வையுங்கள். பிள்ளைகள் எல்லாக் கேள்வியையும் கேட்கட்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. முன்பு ஃப்ளூ ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர், அன்று காய்ச்சலோடு இருப்பவர், கியான் பாரே என்னும் நரம்பு நோய் முன்பு வந்தவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக்கூடாது. அந்த நரம்பு நோய் ஊசியால் வரும் வாய்ப்பு பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர் என்ற அளவுக்கே இருக்கிறது. ஃப்ளூவாலேயே அது வரும் வாய்ப்பு அதைவிட அதிகம்.

விளையாட்டு வீரர் என்பதற்காக வரிசையில் முந்துவதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். 2009-இல் எச்1என்1 தடுப்பூசி தட்டுப்பாடாக இருந்தபோது, கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் பொதுமக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க, கால்கரி ஃப்ளேம்ஸ் ஐஸ் ஹாக்கி அணி வீரர்களுக்கும் குடும்பத்தினருக்கும் தனியாக ஊசி போடப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், சுகாதாரத் துறை ஊழியர் இருவர் வேலை இழந்தார்கள். கருவுற்ற பெண்களும் முதியவர்களும் ஆஸ்துமா நோயாளிகளும் காத்திருக்கும்போது, உடல் நலத்தில் முதல் வரிசையில் இருக்கும் இளைஞர்கள் முன்னால் போவது முறையாகாது. தட்டுப்பாடு இல்லாத ஆண்டுகளில் இந்தச் சிக்கல் எழாது.

கேள்வி: மாரத்தான் ஓடுபவன் நான். கடும் பயிற்சியால் எதிர்ப்பாற்றல் குறையும், ஊசி பிடிக்காது என்கிறார்களே?
— வாசகர், சென்னை

பதில்: ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்த உயர்நிலை வீரர்களின் உடல், பிறரைவிட ஃப்ளூ ஊசிக்கு வலுவாகவே எதிர்வினை காட்டியது. ஊசி போட்ட நாளில் நீண்ட ஓட்டம் வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். இலேசான காய்ச்சலோடு வெயிலில் ஓடினால் நீர்வறட்சி எளிதில் வரும்.

கேள்வி: ஊசி போட்டுக்கொண்டால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வோமா?
— தடகள வீராங்கனை, தூத்துக்குடி

பதில்: மாட்டமாட்டீர்கள், ஃப்ளூ தடுப்பூசி எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. அஞ்ச வேண்டியது, ஊசி போடாமல் சளி பிடித்த பின் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரையைத்தான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் பதினாறு வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகான், தனிநபர் ஆல்-அரவுண்ட் (எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த போட்டி) தங்கப் பதக்கத்தை இழந்தார். அணி மருத்துவரே சளிக்கென்று கொடுத்த மாத்திரையில் மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎஃபெட்ரின் என்னும் பொருள் இருந்ததே காரணம். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் சுவீடனின் நிக்லாஸ் பேக்ஸ்ட்ரோம், ஒவ்வாமை மாத்திரையில் இருந்த அதே பொருளால் கனடாவுக்கு எதிரான ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன்னர் விலக்கப்பட்டார்.

போட்டி நாளில் சிறுநீரில் சூடோஎஃபெட்ரின் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. காய்ச்சல் களைப்புக்கு 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்' என்று அருகிலுள்ள கிளினிக்கில் சொல்வார்கள். மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக அல்லாமல், முன் அனுமதியின்றிப் பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தக்குழாய் வழியே ஏற்றிக்கொள்வதும் விதிமீறலே. அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயர்களைப் படித்து, ஐயம் இருந்தால் உங்கள் சங்க மருத்துவரிடம் காட்டிய பிறகே எதையும் விழுங்குங்கள்; அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் சோதனையின்போது நிரப்பும் படிவத்தில் பெயரைத் தவறின்றி எழுத உதவும்.