பதுங்கும் பாத்திரங்களும் ஆட்டத்தின் சமநிலையும்: கேள்வி-பதில்

ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளை நடத்தும் கேம் மாஸ்டர்கள் சிலர் பதுங்கல் திறன் குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், எண்கள் யாவும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளைச் சார்ந்தவை.

கேள்வி: எங்கள் குழுவின் ஐந்தாம் நிலை ரோக் (பதுங்கலில் தேர்ந்த திருடர் வகைப் பாத்திரம்), பதுங்கலுக்காக உருட்டும் இருபது முகப் பகடையோடு 10 கூட்டிக்கொள்கிறார். எந்தக் காவலனும் அவரைப் பார்ப்பதே இல்லை. காவலர்களின் கவனிப்பு எண்ணை உயர்த்திவிடலாமா?

பதில்: வேண்டாம். சாதாரணக் காவலனின் இயல்பான கவனிப்பு எண், அதாவது பதுங்குபவர் தாண்ட வேண்டிய எண், 12. உங்கள் ரோக்குக்குப் பகடையில் 3 விழுந்தாலே 13 ஆகிவிடுகிறது. காவலர் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காகத்தான் அவர் தம் பாத்திரத்தை அப்படி வளர்த்திருக்கிறார். எண்ணை உயர்த்தினால் அந்த உழைப்பு வீணாவதோடு, பதுங்கத் தெரியாத மற்றவர்களுக்கு இருந்த சிறு வாய்ப்பும் பறிபோகும். எண்ணை விட்டுவிட்டுச் சூழலை மாற்றுங்கள். ஒளிந்துகொள்ள ஏதேனும் மறைப்பு வேண்டும் என்பதே முதல் விதி என்பதால், நாலாபுறமும் விளக்கெரியும் வெறும் கூடத்தில் பகடையை உருட்டும் பேச்சுக்கே இடமில்லை. காவலனோடு ஒரு மாஸ்டிஃப் நாயை நிறுத்துங்கள்: அதன் கவனிப்பு எண் 13தான் என்றாலும், மோப்பமும் செவிப்புலனும் கூர்மையாக இருப்பதால், அவற்றைக் கொண்டு உணரும்போது அது 18 ஆகும். இப்போது ரோக்குக்குக் குறைந்தது 9 விழ வேண்டும். இவற்றைவிட நான் அதிகம் நம்புவது வேறொன்று: உள்ளே நுழைவதை எளிதாக விட்டுவிட்டு, உள்ளே போய்ச் செய்ய வேண்டிய வேலையைக் கடினமாக்குவது. நடக்கவே தெம்பில்லாத கைதி ஒருவரை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தால், பதுங்கலில் வல்லவரும் சற்று யோசித்தே ஆக வேண்டும்.

கேள்வி: குழுவில் ஒருவர் முழு இரும்புக் கவசம் அணிந்திருப்பதால், நாங்கள் ஒருமுறைகூட ஓசையின்றி நுழைந்ததில்லை. என்ன செய்வது?

பதில்: கவசம் ஒரு காரணம்தான்; பெரிய காரணம் பகடைக் கணக்கு. தனியாகப் போனால் 70 விழுக்காடு வெற்றி வாய்ப்புள்ள ஐந்து பேர் இருப்பதாகக் கொள்வோம். ஐவரும் வென்றே தீர வேண்டுமென்றால், குழுவின் வாய்ப்பு ஏறத்தாழ 17 விழுக்காடாகச் சரிந்துவிடும். பாதிப் பேரோ அதற்கு மேலோ வென்றால் குழு முழுவதும் வென்றதாகக் கொள்ளும் குழுச் சோதனை விதியைக் கையாண்டால், அதே ஐவருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 84 விழுக்காடாகிறது. தேர்ந்தவர் தேராதவரைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறார் என்று கதையிலும் இதை நியாயப்படுத்தலாம். பத்தடிக்கு ஒருமுறை பகடை உருட்டச் சொல்வதையும் நிறுத்துங்கள்: 90 விழுக்காடு வாய்ப்புள்ளவர்கூட ஏழு முறை தொடர்ந்து உருட்டினால், ஒருமுறையும் தவறாமல் கடக்கும் வாய்ப்பு 48 விழுக்காடுதான். ஓர் இடத்துக்கு ஒரு பகடை போதும். நிலைமை உண்மையாகவே மாறினால் மட்டுமே அடுத்தது.

கேள்வி: ரோக்கின் தாக்குதலுக்குக் கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் திறன் மிகவும் பலமாகத் தெரிகிறது. மறைந்திருந்து தாக்கும்போது மட்டுமே அது செல்லும் என்று விதியை மாற்றலாமா?

பதில்: பெயரைப் பார்த்துப் பலரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். இலக்கின் அருகே தோழர் ஒருவர் சண்டையில் இருந்தாலே அது செல்லும். ஐந்தாம் நிலையில், திறன் கூட்டெண் 4 உள்ள ரோக்கின் குறுவாள் தாக்குதல் ஸ்னீக் அட்டாக்கோடு சேர்ந்து சராசரி 18 சேதம் தரும்; அதே நிலை ஃபைட்டர் (போர்வீரர் வகைப் பாத்திரம்) பெருவாளால் இருமுறை தாக்கினால் 22. அந்தத் திறனைப் பிடுங்கிவிட்டால் ரோக்குக்கு மிஞ்சுவது 7.5. கை நிறையப் பகடைகளை அள்ளி உருட்டுவதால்தான் அது பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: ரோக் தனியே வேவு பார்க்கப் போனால், மற்ற நால்வரும் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதில்: இதுவே உண்மையான சமநிலைச் சிக்கல் என்பேன், எண்கள் இரண்டாம்பட்சமே. நானும் தொடக்கத்தில் ஓர் அமர்வின் பெரும்பகுதியை ஒரே வேவுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களின் முகம் வாடியதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். இப்போது வேவு பார்த்தலை இரண்டு மூன்று பகடைகளுக்குள் முடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெளியே காத்திருப்போரிடம் காட்சியைத் திருப்பிவிடுகிறேன். பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டில் வரும் கடிகார முறை இதற்கு நன்கு உதவும்: நான்கோ ஆறோ பிரிவுகள் கொண்ட வட்டம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு தவறுக்கும் ஒரு பிரிவை நிரப்புங்கள். ஒரு பகடை தவறியதும் கோட்டை முழுவதும் விழித்துக்கொள்ளாமல், சந்தேகம் படிப்படியாக முற்றும். வெளியே இருப்பவர்கள் கவனத்தைத் திசைதிருப்பி, நிரம்பிய பிரிவொன்றை அழிக்கவும் அனுமதித்தால், எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும்.

கேள்வி: 2024 விதிகளின்படி 15 எடுத்து ஒளிந்தவர் ‘இன்விசிபிள்’ (கண்ணுக்குத் தெரியாத) நிலையை அடைகிறார். அப்படியானால் காவலன் முன்னால் நேராக நடந்து போகலாமா?

பதில்: எதிரி கண்டுபிடித்ததும் அந்த நிலை நீங்கும் என்று அதே விதி சொல்கிறது. மறைப்பை விட்டு வெளிச்சத்தில் காவலனின் முகத்துக்கு நேரே வந்து நிற்பவரை அவன் கண்டுவிட்டான் என்றே நான் தீர்ப்பளிப்பேன்; முதுகைக் காட்டி நிற்பவனைக் கடந்துபோக மட்டும் தாராளமாக விடுவேன்.