முதல் லிவ்அபோர்டு: மாலத்தீவா, சிமிலனா?

கேள்வி: வணக்கம் அக்கா. நானும் மனைவியும் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் கோர்ஸ் முடித்து, அந்தமானில் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு செய்தோம். என் லாக்புக்கில் 27 டைவ், அவளுக்கு 19. வரும் பிப்ரவரியில் படகிலேயே தங்கி டைவ் செய்யும் லிவ்அபோர்டு பயணம் போக ஆசை. மாலத்தீவில் 7 இரவுப் பயணம் ஒன்று சலுகை விலையில் வருகிறது. தாய்லாந்தின் சிமிலன் தீவுகளுக்கு 4 இரவுப் பயணம் இன்னொன்று. மனைவிக்குப் படகு ஆட்டம் கொஞ்சம் ஒத்துக்கொள்ளாது. எதை எடுக்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சிமிலனுக்குப் போங்கள். மாலத்தீவு எங்கேயும் ஓடிவிடாது. இன்னும் இருபது, முப்பது டைவ் சேர்ந்த பிறகு அங்கே போனால் கடலை நிம்மதியாகப் பார்க்கலாம். இப்போது போனால் உங்கள் கண் காற்று மீட்டரை விட்டு நகராது.

பிப்ரவரி மாலத்தீவுக்கு அருமையான மாதம், அதில் சந்தேகமே இல்லை. அவர்கள் ‘இருவாய்’ என்று சொல்லும் வடகிழக்குக் காற்றுக் காலம் அது, நம் வாடை. வெளிக்கடல் நீர் கிழக்கே இருந்து வந்து, அட்டோல் எனப்படும் பவளத்திட்டு வளையத்தின் இடைவெளிகள் வழியாக உள்ளே பாயும். அந்த இடைவெளியை அங்கே ‘கண்டு’ என்பார்கள். அதன் வாயில், 25 முதல் 30 மீட்டர் ஆழத்தில், சாம்பல் சுறாக்கள் நீவாட்டை எதிர்த்து நிற்கும். (எங்கள் தூத்துக்குடிப் பக்கம் நீரோட்டத்தை நீவாடு என்பதுதான் வழக்கம். எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது.) வாவு அட்டோல் பக்கம் ஓடும் படகுகளுக்கு அந்தக் காட்சிதான் முக்கியமான ஈர்ப்பு. அதைப் பார்க்க, குதித்த கையோடு வேகமாக இறங்கி, பாறையில் கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பாரை மேலே வருவதற்கு ஒதுக்கினால் கையில் இருப்பது 1,800. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பவர், 30 மீட்டரில் அதைப்போல நான்கு மடங்கு, அதாவது 100 லிட்டர் இழுப்பார். பதினெட்டே நிமிடம்! 19 டைவ் செய்தவர், முகத்தில் நீவாடு அடிக்கும்போது, 25 லிட்டரோடு நிற்பது சிரமம். மாலத்தீவுப் படகுகள் பல, 30 அல்லது 50 டைவ் முடித்தவர்களைத்தான் ஏற்றுகின்றன. உங்களுக்கு வந்திருக்கும் சலுகையில் அந்த நிபந்தனை இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். சுலபமான இடங்களாகத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போகிறார்களா, இல்லை காலியாகக் கிடக்கும் கேபினை நிரப்புகிறார்களா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் மாட்டியிருக்கிறேன். மாலத்தீவுப் படகு ஒன்றில் வழிகாட்டியாக இருந்தபோது, ஒரு மாலை டைவில் என்னோடு இரண்டு பேர். ஒருவருக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்தது. மேலே வந்தோம். நீவாடு அதற்குள் எங்களைப் பாறையிலிருந்து வெகுதூரம் இழுத்து வந்திருந்தது. டைவர்களை ஏற்றி இறக்கும் எங்கள் தோணி மறுபக்கத்தில் வேறொரு குழுவை ஏற்றிக்கொண்டிருந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு. ஆரஞ்சு மிதவையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன், விசில் ஊதினேன். வெயில் தணிந்து அலையின் முகடெல்லாம் மினுங்கும் நேரம். மிதவை யார் கண்ணிலும் படவில்லை. கூட இருந்த பெண் என் ஜாக்கெட் பட்டையைப் பிடித்த பிடியில் அவர் விரல் நுனிகள் வெளுத்துப்போயின. நாற்பது நிமிடம். தோணியில் யாரும் தலையை எண்ணவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் நான் வேலை செய்த இன்னொரு படகில் தோணி ஓட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு குழு குதித்ததும், சுக்கான் பக்கத்துப் பலகையில் ஆளுக்கு ஒரு கோடு சாக்பீஸால் போடுவார். ஆள் ஏணியில் ஏறினால்தான் கோட்டை அழிப்பார். இடையில் வெறுங்காலோடு கூரையில் நின்று குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பலகையில் ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் தோணி நகராது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடலில் ஆள் எண்ணுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. எந்தப் படகை விசாரித்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: டைவுக்கு முன்னும் பின்னும் பெயர் சொல்லிக் கணக்கெடுப்பது யார்? ஆளுக்கு ஒரு மிதவை தருகிறார்களா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நான்கு பேர் என்றால் நல்லது. எட்டு என்றால் வேறு படகு பாருங்கள்.

சரி, சிமிலன். மலாய் மொழியில் ‘செம்பிலான்’ என்றால் ஒன்பது. ஒன்பது தீவுகள் என்பதால் அந்தப் பெயர். மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிட்டு, அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை திறந்து வைக்கிறார்கள். பிப்ரவரியில் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். தீவுகளின் கிழக்குப் பக்கம் சரிவான பவளத்திட்டு, உங்கள் மனைவிக்கு ஏற்ற இடம். மேற்கே வீட்டளவுக் கருங்கல் பாறைகள், நடுவில் புகுந்து போகலாம். வடக்கே கோ போன் தீவில் அதிர்ஷ்டம் இருந்தால் மாண்டா திருக்கை பார்க்கலாம். அதற்கும் வடக்கே ரிச்செலியூ ராக், லாட வடிவத்தில் நிற்கும் ஒற்றைப் பாறை. நீர் வற்றும்போது உச்சி மட்டும் கொஞ்சம் தலைகாட்டும். உடம்பெல்லாம் ஊதா நிற மென்பவளம். நான் அங்கே ஒரு கணவாய் ஜோடியைக் கை எட்டும் தூரத்தில் வைத்து முழு டைவையும் முடித்திருக்கிறேன். பெண் கணவாய் பாறை இடுக்கில் ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டு வெளியே வரும்போதெல்லாம், ஆண் அதன் மேலே குடை பிடிப்பதுபோல் வந்து நின்றது. அங்கும் நீவாடு உண்டு. ஆனால் பாறையின் மறைவில் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறது.

அங்கே போகும் படகுகளை ஒப்பிட ஒரே ஒரு கேள்வி போதும்: ரிச்செலியூ ராக்கில் எத்தனை டைவ், முதல் டைவ் எத்தனை மணிக்கு? கரையிலிருந்து வரும் வேகப்படகுகள் வந்து சேர்ந்துவிட்டால் பாறையைச் சுற்றி ஒரே கூட்டம். முந்தின இரவே பக்கத்தில் போய் நங்கூரம் போட்டு, காலை ஏழு மணிக்குள் ஆளை இறக்கும் படகுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஆட்டம் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மாலத்தீவுதான் மேல். அங்கே இரவில் பெரும்பாலும் வளையத்துக்குள் நங்கூரம் போடுவார்கள், தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். கம்ப்ரசரும் சிலிண்டரும் தனித் தோணியில் இருப்பதால் சத்தமும் குறைவு. சிமிலனுக்குத் தாப் லாமு துறையிலிருந்து முதல் இரவே திறந்த கடலைக் கடக்க வேண்டும். மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. எது தூக்கம் தராமல் ஒத்துக்கொள்கிறது என்று மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். கேபின் படகின் நடுவில், பிரதான தளத்தில் கிடைத்தால் எடுங்கள். கீழ்த்தளத்தில் ஆட்டம் இன்னும் குறையும், விலையும் குறையும். ஆனாலும் வெளியேறும் வழி தெரியாமல் அங்கே படுக்காதீர்கள்.

2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். அங்கிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன; இரண்டுமே மேலே ஒரே அறைக்குள் போய்த் திறந்தன. அந்த அறைதான் தீயில் இருந்தது. இரவில் சுற்றிவந்து பார்க்க ஒருவரும் விழித்திருக்கவில்லை. ஆகவே படகில் ஏறிய முதல் மணி நேரத்திலேயே இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது என்று நடந்து பாருங்கள். இரவுக் காவல் யார் என்று கேளுங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளைக் கேபினுக்குள் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கும் படகில், சலுகை பாதி விலையாக இருந்தாலும் நான் ஏற மாட்டேன்.

கேள்வி: ஜூலையில் மாலத்தீவு பா அட்டோலுக்குப் படகு எடுத்து, ஹனிஃபாருவில் மாண்டாக்களோடு டைவ் செய்யலாம் என்று திட்டம். சரியா?
– வாசகி, சென்னை

பதில்: மாதம் சரி, தென்மேற்குக் காற்றுக் காலத்தில்தான் அங்கே கூடுகின்றன. ஆனால் ஹனிஃபாருவுக்குள் சிலிண்டரோடு இறங்க அனுமதி இல்லை, ஸ்நார்க்கல் மட்டுமே. பா அட்டோல் 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். வருத்தப்படாதீர்கள், மாண்டாக்கள் வாயைப் பிளந்து மேல்மட்டத்தில்தான் மேயும், சிலிண்டர் தேவையே இல்லை. ஒரு டைவ் குறைகிறதே என்று படகை மாற்ற வேண்டாம்.

கேள்வி: லிவ்அபோர்டுக்கு நைட்ராக்ஸ் கோர்ஸ் அவசியமா?
– வாசகர், மதுரை

பதில்: செய்துவிடுங்கள். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டிய காற்று. ஒரு நாளைக்கு நான்கு டைவ், தொடர்ந்து பல நாள் என்னும்போது உடம்பில் சேரும் நைட்ரஜனைக் குறைக்க அது உதவும். 32 சதவீத ஆக்சிஜன் கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. சிலிண்டரை ஒவ்வொரு முறையும் நீங்களே அளந்து டேப்பில் எழுதுங்கள். வேறொருவர் அளந்த எண்ணை நம்பி நான் இன்றுவரை இறங்கியதில்லை.

கேள்வி: எங்கள் படகில் கடைசி டைவ் காலை 11 மணிக்கு முடியும். மறுநாள் அதிகாலை 4 மணிக்கு விமானம். போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: போதாது. 17 மணி நேரம்தான் வருகிறது. பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்) அமைப்பின் வழிகாட்டல். நான் 24 வைத்துக்கொள்வேன். விமானத்தை மாற்ற முடியாவிட்டால் அந்த டைவை விட்டுவிடுங்கள். மற்றவர்கள் குதித்ததும் உங்கள் ஜாக்கெட்டையும் ரெகுலேட்டரையும் நல்ல தண்ணீரில் அலசி மேல்தளத்தில் காயப்போடுங்கள், பெட்டியின் எடையாவது குறையும்.