50 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும் கருவி

கேள்வி: பட்டுக்கோட்டை அருகே எங்கள் தென்னந்தோப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாருக்கு வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) பொருத்தி, தொட்டியின் நீர்மட்டத்தைப் பி.ஐ.டி. முறையில் (வேண்டிய மட்டத்துக்கும் இருக்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வேகத்தைத் திருத்தும் முறை) நிறுத்துகிறேன். கோடைக்கு ஒரு செட்டிங், கல்லணைக் கால்வாயில் தண்ணீர் ஓடும் காலத்துக்கு இன்னொன்று. கருவியே மாறிக்கொள்ளும்படி நண்பர் நிரல் எழுதிக் கொடுத்தார். அது இரண்டுக்கும் இடையே ஓயாமல் தாவுகிறது. தொட்டியும் வழிகிறது. பெரிய மோட்டார் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் நிரலில் ஒவ்வொரு செட்டிங்கும் தொட்டியின் அடுத்த நிமிட நீர்மட்டத்தைக் கணிக்கிறது. எதன் கணிப்பு பலிக்கிறதோ அந்தச் செட்டிங் கையில் பொறுப்பு. முறை நல்லதுதான். ஆனால் நிரல் 60 ஹெர்ட்ஸ் கேட்கும்போது டிரைவ் தன் மேலெல்லையான 50-ஐத் தாண்டாது. 60-க்கு உரிய தண்ணீர் வந்ததாகக் கணக்குப் போட்ட செட்டிங், மட்டம் ஏறாததைக் கண்டு தன் கணிப்பே தவறென்று விலகுகிறது. அடுத்து வருவதற்கும் அதே கதி. கேட்ட அளவைக் கொடுக்காமல், டிரைவ் உண்மையில் ஓடும் அதிர்வெண்ணைக் கணிப்புக்குக் கொடுங்கள். பாதித் தாவல் அதிலேயே அடங்கும்.

கீழேயும் ஓர் எல்லை உண்டு. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பம்ப் தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 50 மீட்டர் தூக்கும் பம்ப், கோடையில் 32 மீட்டர் ஏற்ற வேண்டுமானால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சொட்டும் வராது. மோட்டார் வீணாகச் சுற்றிச் சூடேறும். கிணற்று நீர்மட்டம் உயர்ந்து 24.5 மீட்டர் போதுமென்றால் எல்லை 35-க்கு இறங்கும். ஆகவே இரு செட்டிங்குகளுக்கும் கீழெல்லை தனித்தனியாக இருக்கட்டும்.

தொட்டி வழிவதற்குக் காரணம் வேறு. எல்லா வால்வும் திறந்திருக்கையில் தொட்டி வேண்டிய மட்டத்தை எட்டாது, பி.ஐ.டி.யில் பழைய வித்தியாசங்களைக் கூட்டிவைக்கும் தொகைப் பகுதி அந்தக் குறையைக் கடன்போல ஏற்றிக்கொண்டே போகும். வால்வை மூடிய பிறகும் கடன் தீரும்வரை மோட்டார் ஓடும். மோட்டார் மேலெல்லையைத் தொட்டு, மட்டம் இன்னும் குறைவாகவே இருந்தால், கூட்டலை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: நிலத்தடி நீர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. மற்ற செட்டிங்கின் கணிப்புப் பிழை தெளிவாகக் குறைந்து, பல மணி நேரம் அப்படியே நீடித்தால் மட்டும் நிரல் அதற்கு மாறட்டும்.

இத்தனைக்குப் பிறகும் 50 ஹெர்ட்ஸிலேயே மணிக்கணக்காக ஓடித் தொட்டி நிறையாவிட்டால், ஒரே நேரத்தில் எத்தனை வால்வு திறக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சுவதைப்போல வால்வுகளையும் முறை வைத்துத் திறந்து பாருங்கள். மோட்டார் பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.