பயணியாக மட்டும் போகாதீர்கள்

அன்புள்ள அக்கா,

உங்கள் பாய்மரப் படகுக் கட்டுரைகளை நானும் கணவரும் சேர்ந்தே படிக்கிறோம். இப்போது அவருக்கு ஒரே பேச்சுதான்: வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு படகு வாங்கி, இரண்டு வருடம் கரீபியன் தீவுகளில் சுற்ற வேண்டும். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. அவர் ஒன்ராறியோ ஏரியில் நன்றாகப் படகு ஓட்டுவார், எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளின் படிப்பு கெடாதா? நோய் வந்தால், புயல் வந்தால் என்ன செய்வது? "உங்களுக்கென்ன பைத்தியமா" என்கிறார் அம்மா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாம், டொராண்டோ

அன்புள்ள தங்கைக்கு,

படிப்பு, நோய், புயல் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னை உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. அவர் நன்றாக ஓட்டுவார், எனக்கு ஒன்றும் தெரியாது. இப்படியே கிளம்பாதீர்கள். பெரியவர்கள் இரண்டே பேர் இருக்கும் படகில், இரவு ஓட்டம் என்றால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் முழித்திருக்க வேண்டும், அந்த நேரம் படகும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. அவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் பாயை இறக்கி, படகைத் திருப்பி, அவரைத் தூக்க வேண்டியதும் நீங்கள்தான்.

ஒருமுறை நாங்கள் கரீபியனில் பெக்கியா தீவின் அட்மிரால்டி விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்தோம். ஓர் இரவு என் கணவர் டிங்கி என்கிற சின்னத் துணைப்படகில் கரைக்குப் போயிருந்தபோது மழையோடு பெருங்காற்று வந்து இறங்கியது. கரையில் ஒரு விளக்கை அடையாளம் வைத்திருந்தேன், அது மெல்ல நகர ஆரம்பித்தது. விளக்கா நகரும்? நங்கூரம் பிடி விட்டுப் படகு பின்னால் போய்க்கொண்டிருந்தது. இன்ஜினைப் போட்டு, காற்றுக்கு முகம் கொடுத்து மெதுவாக முன்னால் தள்ளி, மகனை முன்பக்கம் அனுப்பி இன்னும் சங்கிலி விடச் சொன்னேன். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி கிடக்க வேண்டும், காற்றடித்தால் ஏழு மடங்கு. படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவர் நனைந்து திரும்பி வந்தபோது மகன் சங்கிலிக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

இது ஆபத்துக்காக மட்டும் சொல்வதில்லை. அவர் எப்போதும் கேப்டன், நீங்கள் எப்போதும் சமையல் என்று ஆகிவிட்டால், நங்கூரம் போடும்போது கத்துகிற கத்தல் சாப்பாட்டு மேசை வரை வரும், எழுந்து போக வேறு அறையும் கிடையாது. பாதியில் படகை விற்றுவிட்டுத் திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் காரணம் இதுதான். சுக்கானில் நீங்கள் நில்லுங்கள், நங்கூரத்தை அவர் பார்க்கட்டும். கத்தாமல் கைச்சைகையில் பேசப் பழகுங்கள்.

நோய் பற்றிய பயம் நியாயமானது. 2014-இல் இரண்டு சின்னக் குழந்தைகளோடு பசிபிக்கைக் கடக்கக் கிளம்பிய ஓர் அமெரிக்கக் குடும்பத்தில், மெக்சிகோவுக்கு 900 மைல் அப்பால் ஒரு வயதுக் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போய், மீட்புப் படையினர் விமானத்திலிருந்து குதித்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கிழக்குக் கரீபியனில் அந்த நிலை இல்லை. டொமினிக்காவிலிருந்து கிரெனடா வரை தீவுகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு தீவிலிருந்து அடுத்ததற்குப் பகலிலேயே போய்விடலாம், மார்ட்டினிக்கில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. முதல் இரண்டு வருடத்துக்கு அந்த வரிசையே போதும், பசிபிக் வேண்டாம். மகளுக்கு மான்சினீல் மரத்தை மட்டும் முதல் வாரமே காட்டிவிடுங்கள். கடற்கரையில் பச்சை ஆப்பிள் போலக் காய்த்து நிற்கும், கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால்கூடத் தோல் கொப்பளிக்கும்.

புயல் காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை. கிரெனடா அளவுக்குத் தெற்கே போனால் தப்பிக்கலாம் என்று பலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். 2004-இல் ஐவன் புயல் கிரெனடாவையே புரட்டிப்போட்டது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவைத் தாக்கியபோது, பத்திரம் என்று அலையாத்திக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிய படகுகளும் நொறுங்கின. அந்த மாதங்களில் படகை இன்னும் தெற்கே உள்ள ட்ரினிடாடில் கரையேற்றிவிட்டு ஊருக்கு வாருங்கள், அம்மாவுக்கும் பேரப்பிள்ளைகள் கிடைப்பார்கள்.

படிப்பா? காலையில் இரண்டு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் இந்த வயதுக்குப் போதும். நான் கவலைப்படுவது உங்கள் மகனின் சிநேகிதத்துக்கு. பிள்ளைகள் உள்ள படகுகள் ஒரே விரிகுடாவில் சேர்ந்துகொள்ளும், சாயங்காலம் ரேடியோவில் ஒருவரையொருவர் கூப்பிட்டு மணலில் ஒன்றாக விளையாடுவார்கள். அடுத்த வாரம் அந்தப் படகு வடக்கே போகும், உங்கள் படகு தெற்கே. ஆறு வயதுக்காரி அழுதுவிட்டு மறந்துவிடுவாள், பதினொரு வயதுக்காரன் பேசாமல் இருந்துவிடுவான். அவனுக்காக உங்கள் பயணத் திட்டத்தை மாற்ற வேண்டி வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சில வாரம் இன்னொரு குடும்பத்தின் படகோடு சேர்ந்தே பயணம் செய்யுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்தக் கோடையில் ஒன்ராறியோ ஏரியிலேயே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேருங்கள், கணவரிடம் கற்க வேண்டாம். அப்புறம் மார்ட்டினிக்கில் லெ மாரின் துறைமுகத்தில் ஒரு வாரத்துக்குப் படகு வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காற்று பலமாக இருக்கும், ஏப்ரல் நல்லது. அந்த வாரம் முழுக்கப் படகை நீங்கள் ஓட்டுங்கள், அவர் சமைக்கட்டும். திரும்பி வந்ததும் எழுதுங்கள், எந்தப் படகு வாங்கலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
அக்கா