மீதிப் புள்ளிகள், கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. டிஒய்சி 8998-760-1 என்ற விண்மீனையும் அதன் இரண்டு ராட்சதக் கோள்களையும் நேரடியாகப் பிடித்த படம் வாட்ஸப்பில் வந்தது. சூரியனைப் போன்ற விண்மீன், 300 ஒளியாண்டு தொலைவு என்று போட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ப்ரொஜெக்டரில் காட்டினேன். பிள்ளைகள் அசந்துபோனார்கள். ஒரு மாணவி மட்டும் "டீச்சர், படத்துல இன்னும் நாலஞ்சு புள்ளி இருக்கே, அதெல்லாம் கோள் இல்லையா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பாடம் நின்றுவிடும் என்று உட்காரச் சொல்லிவிட்டேன். என் கேள்வி: சூரியனைப் போன்றது என்றால் அங்கே பூமியைப் போல ஒன்றும், உயிர்களும் இருக்குமா? போய்ச்சேர எவ்வளவு காலம் ஆகும்? இரண்டில் பெரியது கோளே அல்ல, கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பழுப்புக் குறுமீன் என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அது சரியா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த விண்மீன் நிறையில் சூரியனுக்குச் சமம், அவ்வளவுதான். வயது சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டு. சூரியனுக்கு 460 கோடி. அந்த வயதில் நம் பூமியே திரண்டு முடிந்திருக்கவில்லை. உயிரைப் பற்றிப் பேச அங்கே எதுவுமில்லை. பயணத்தை விட்டுவிடுவோம். பெரிய கோளின் நிறை வியாழனைப்போல் 14 மடங்கு என்பது, அதன் வெளிச்சத்தையும் விண்மீனின் வயதையும் வைத்துப் போட்ட கணக்கு. வயதைக் கூட்டினால் நிறையும் கூடும். குறுமீனுக்கான கோடு 13 மடங்கில் கிழிக்கப்பட்டிருக்கிறது. கோட்டின் மேலேயே நிற்பதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

இனி அந்தப் பெண். வகுப்பிலேயே உருப்படியான கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளைப் பார்த்து உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள்! பாடம் நின்றுவிடுமாம். அவள் கேட்டதுதானே டீச்சர் பாடம்? படம் எடுத்த லெய்டன் பல்கலைக்கழகக் குழு 2017 முதல் 2020 வரை விடை தேடியது அந்தக் கேள்விக்குத்தான்.

புள்ளியைத் தெரிய வைப்பது கருவியின் வேலை. சிலியின் பரனால் மலையில் 8.2 மீட்டர் கண்ணாடி, அதன் பின்னே ஸ்பியர் என்ற கருவி. வளைந்து கொடுக்கும் சிறு கண்ணாடி ஒன்று, காற்றின் நடுக்கத்தை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சரிசெய்கிறது. விண்மீனின் மேல் ஒரு மறைப்பு வைக்கிறார்கள். கோள்கள் பிறந்த சூடு ஆறாமல் இன்னும் தகிப்பதால் அகச்சிவப்பில் தாமாகவே ஒளிர்கின்றன. புள்ளி விழுந்துவிடுகிறது. ஆனால் அந்த விண்மீன் இருப்பது தெற்கு வானின் மஸ்கா விண்மீன் மண்டலத்தில், பால்வெளிப் பட்டையை ஒட்டி. திரும்பிய பக்கமெல்லாம் பின்னணி விண்மீன்கள். அவையும் புள்ளிதான். ஒரே ஒரு படத்தில் கோளையும் பின்னணி விண்மீனையும் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

அதனால் காத்திருந்து மறுபடி எடுக்க வேண்டும். விண்மீன் வானில் ஆண்டுக்குச் சுமார் 45 மில்லி ஆர்க்செகண்ட் நகர்கிறது (ஒரு பாகையை 3600ஆகப் பிரித்தால் ஒரு ஆர்க்செகண்ட், அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி ஆர்க்செகண்ட்). கேமராவின் ஒரு பிக்சல் 12 மில்லி. 2017 ஜூலையில் ஒரு படம், 2020 பிப்ரவரியில் இன்னொரு படம்: இடைவெளியில் ஒன்பது பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிட்டது. இரண்டு படத்திலும் விண்மீனை நடுப்புள்ளியாக வைத்துப் பொருத்தினால், ரயில் ஜன்னலில் பனைமரங்கள் பின்னால் ஓடுவதுபோலப் பின்னணிப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவு சரியும். கூடவே பயணம் செய்கிற கோள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் எங்கே பிசகும்? முதலாவது, நடுப்புள்ளி. விண்மீனைத்தான் மறைத்தாயிற்றே, மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வளையும் கண்ணாடியைக் கொண்டே விண்மீனைச் சுற்றி நான்கு போலிப் புள்ளிகளை விழவைத்து, எதிரெதிர்ப் புள்ளிகளை இணைக்கும் கோடுகள் வெட்டும் இடத்தை எடுக்கிறார்கள். இரண்டாவது, வடக்கு. வெளிக்கோள் விண்மீனிலிருந்து 3.4 ஆர்க்செகண்ட் தள்ளியிருக்கிறது. கேமராவின் வடதிசையை அரை பாகை தவறாக எடுத்தால் அங்கே 30 மில்லி பிழை வரும். அதாவது இரண்டரை பிக்சல். இந்தப் பிழை வட்டமாகச் சுழலும், மையத்திலிருந்து தள்ளிப்போகப்போகப் பெரிதாகும். நிஜ நகர்வு எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு. இந்த வித்தியாசம் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

இதை வகுப்பில் செய்துகாட்ட ஒரு டிரேசிங் தாள் கட்டு போதும். அளவு: 1 செ.மீ.க்கு 0.2 ஆர்க்செகண்ட். இடது மேல் மூலையில் விண்மீனுக்கு ஒரு பெருக்கல் குறி. அங்கிருந்து வலது கீழ்ப்பக்கமாக 8.5 செ.மீ.யில் உள்கோள், 17 செ.மீ.யில் வெளிக்கோள். இஷ்டத்துக்கு இன்னும் ஐந்து புள்ளி. இது 2017. இரண்டாம் தாளில் விண்மீனும் கோள்களும் அதே இடம். ஐந்து புள்ளிகளை மட்டும் இடதுபக்கம் 5 மி.மீ., மேலே 2 மி.மீ. தள்ளி வையுங்கள். இது 2020. எது கோள் என்று சொல்லாதீர்கள், தாள்களை அவள் கையில் கொடுங்கள். கோள் சுற்றாதா என்று யாராவது கேட்பார்கள். பூமி–சூரியன் தூரத்தைப்போல் 160 மடங்கு தள்ளியிருக்கும் உள்கோள் ஒரு சுற்று வர 2000 ஆண்டு போல ஆகும். உங்கள் தாளில் அது அரை மி.மீ. சொச்சம், பென்சில் முனை அகலம்.

இந்தப் பயிற்சி முடிந்தபின் இன்னொரு ஜோடித் தாள் போடுங்கள். அதில் பின்னணிப் புள்ளி ஒன்றையும் நகர்த்தாமல் விடுங்கள். கோள் என்றுதான் அவள் சொல்வாள். சொல்லட்டும், 2016இல் பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். எச்டி 131399 என்ற மூன்று விண்மீன் குடும்பத்தில் கோள் கண்டதாக, இதே ஸ்பியர் கருவியின் படங்களை வைத்து அறிவித்தார்கள். பின்னணி விண்மீன் ஒன்று தானும் வேகமாக நகர்ந்துகொண்டிருந்ததால் கூடவே வருவதுபோலத் தெரிந்தது. அடுத்த ஆண்டே வேறொரு குழு அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தது. சாதாரண விண்மீனின் நிறமாலை. கூடுதல் படங்களைச் சேர்த்தபோது நகர்வும் பொருந்தவில்லை. நம்முடைய இரண்டும் அந்தச் சோதனையிலும் தேறின: 2021இல் உள்கோளின் காற்றில் கார்பன் 13 (கார்பனின் சற்றே கனமான வகை) கலந்த கார்பன் மோனாக்சைடு, 2025இல் வெப் தொலைநோக்கி வழியாக வெளிக்கோளில் சிலிக்கேட் மேகங்கள்.

இந்த இரண்டாம் ஜோடியோடு மூன்றாவது தாள் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். அதில் ஏமாற்றிய புள்ளியை 2 மி.மீ. தள்ளிப் போடுங்கள். அவள் கேட்கும்வரை எடுக்காதீர்கள்.