வெயிலில் நின்றபின் உதட்டோரக் கொப்புளம் ஏன் திரும்பி வருகிறது?

உப்புவெளியில் கரைவலை இழுக்கும் தம்பிக்குக் கடும் வெயிலுக்குப் பின் உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் வருகிறது, இதற்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் தொடர்புண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஹெர்பிஸ் வைரஸால் வருவது என்றால், உண்டு. வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மேல்தோலின் காவல் லாங்கர்ஹான்ஸ் கலங்கள் என்ற நோய் எதிர்ப்புக் கலங்களிடம் இருக்கிறது. 1868இல் அவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவ மாணவர் பவுல் லாங்கர்ஹான்ஸ், அவை நரம்புக் கலங்கள் என்றே எண்ணினார்! அவை அந்நியப் புரதத்தை விழுங்கி, துண்டாக்கி, நிணநீர்க்கணுவுக்குக் கொண்டுபோய் வைரஸை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி கலங்களுக்குக் காட்டுகின்றன. எப்போது கிளம்புவது, எவ்வளவு உரக்கச் சொல்வது என்பதை, கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்களான சைட்டோகைன்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. தோல் காயப்பட்டால் சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 என்ற சைட்டோகைன்கள் அண்டைக் கலங்களுடனான பிடியைத் தளர்த்தி அவற்றைப் புறப்பட வைக்கின்றன. ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற மற்றொன்று அவற்றை முதிரச் செய்கிறது. அப்போது சிடி80, சிடி86 மூலக்கூறுகள் அவற்றின் மேற்பரப்பில் பெருகி, டி கலத்துக்கு இரண்டாம் சைகை தருகின்றன; காட்டப்படும் புரதத் துண்டான அன்டிஜென்தான் முதல் சைகை. இந்த இரண்டாம் சைகை இல்லாமல் அன்டிஜெனை மட்டும் கண்ட டி கலம் பெரும்பாலும் செயலிழந்துவிடும்.

இன்டர்லூக்கின்-10 என்ற சைட்டோகைன் குறைப்பது அந்த இரண்டாம் சைகையைத்தான். வெயிலின் புறஊதாக் கதிர் பட்ட தோலில் இன்டர்லூக்கின்-10 கூடுகிறது, லாங்கர்ஹான்ஸ் கலங்களும் குறைகின்றன. நரம்பில் பதுங்கியிருந்த ஹெர்பிஸ் வைரஸுக்கு அந்த இடைவெளி வாய்ப்பாகிறது. வெயில் மட்டுமே காரணமல்ல. காய்ச்சலும் களைப்பும்கூட அதைக் கிளப்பிவிடும். தம்பிக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் வெயில் தடுக்கும் உதட்டுக் களிம்பும் வாங்கிக் கொடுங்கள்.